தற்காலிகக் கூலிகள்: டியாகோ கார்சியாவும் மலையகமும்

டியாகோ கார்சியா என்ற பேரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே 2021க்குப் பிறகுதான். அந்த வருசம் ஒக்டோபரில், கனடாவுக்குப் போகப் புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் பழுதாகி, 89 இலங்கைத் தமிழர்களோடு பிரித்தானியக் கடற்படையின் துணையில் அந்தத் தீவில் கரைசேர்ந்தது. அதில் இருந்தவர்களில் பலர் மூன்று வருசம் வேலி போட்ட முகாமுக்குள், கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களுடைய வழக்கை விசாரிக்க நீதிபதியும் சட்டத்தரணிகளும் தீவுக்குப் போகக்கூட அமெரிக்கா முதலில் விடவில்லை. கடைசியில் 2024 டிசம்பரில் பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை அங்கே அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பும் அதே மாதம்தான் வந்தது.

அந்த நாட்களில் வந்த பல செய்திகளில் தீவைப் பற்றி ஒரு வரி சும்மா போகிற போக்கில் இருந்தது: அங்கே நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. அது தானாக உண்மையானதில்லை. அதை உண்மையாக்க 1965இலிருந்து 1973 வரை எட்டு வருசம் வேலை செய்திருக்கிறார்கள், முதலில் பேனாவால், பிறகு கப்பலால். கண்டியில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படிக்கும்போது எங்களுக்கு நம்ம வீட்டு அலுமாரியில் இருக்கிற பழைய காகிதங்கள்தான் ஞாபகம் வந்தன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். சாகோஸ் தீவுக்கூட்டம் கொழும்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தூரத்தில், இந்து சமுத்திரத்தின் நடுவில் கிடக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள். சனம் வாழ்ந்தது முக்கியமாக மூன்று இடங்களில்: டியாகோ கார்சியா, பெரோஸ் பான்ஹோஸ், சாலமன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள், மடகஸ்கார், மொசாம்பிக் பக்கமிருந்து பிடித்துவந்த அடிமைகளை மொரீசியஸ் வழியாக இங்கே இறக்கித் தென்னை வைத்தார்கள். 1814இல் மொரீசியஸோடு சேர்த்து இந்தத் தீவுகளும் பிரித்தானியர் கைக்குப் போயின. அடுத்த வருசம் கண்டி போனது. (கண்டிக்காரருக்கு மொரீசியஸ் புதுப் பேர் இல்லை. எகலப்பொல நிலமேயை 1825இல் வெள்ளைக்காரன் நாடுகடத்தியது அங்கேதான். 1829இல் அங்கேயே செத்தும் போனார்.) அடிமை முறை ஒழிந்த பிறகு அதே வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். எல்லாருமாகக் கலந்து, ஒரு கிரியோல் மொழி பேசி, ஐந்தாறு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

வேலை கொப்பரா. ஆண்கள் தேங்காய் உரிப்பார்கள், பெண்கள் உடைத்துப் பருப்பெடுப்பார்கள். கம்பனி வீடு, கம்பனிக் கடை, கம்பனித் துரை. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் தோட்டம், கோழி, பன்றி, வேண்டியமட்டும் மீன் இருந்தது. மீன் பிடிக்கப் பழகிய நாய்களும் இருந்தன. அந்த நாய்களைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கு.

இந்தத் தீவைப் படைத்தளக்காரர் ஏன் தேடிப் போனார்கள் என்பதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தை 1944இல் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் வைத்திருந்தார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. போர் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியாவிடம்தான் இருந்தன. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அடுத்த வருசமே இரண்டையும் திருப்பி வாங்கினார். நல்ல காரியம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அங்கிருந்து எழும்பிய படை வீட்டுக்குப் போகவில்லை. மாலைதீவின் தெற்குக் கோடியில் இருக்கும் கன் தீவுக்குப் போனது. அங்கே ஓடுபாதை போடுவதற்காகக் கன் தீவுச் சனத்தைப் பக்கத்து ஃபெய்தூ தீவுக்கு நகர்த்தினார்கள். ஃபெய்தூவில் இடம் போதாமல் அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியை மரதூவுக்கு நகர்த்தினார்கள். திருகோணமலையில் கொடி இறங்கிய கதையைச் சொல்லும்போது இந்தத் தொடர்ச்சியை நாம் சொல்வதே இல்லை.

அமெரிக்கக் கடற்படையில் ஸ்டூவர்ட் பார்பர் என்ற திட்டமிடலாளர் இந்தப் போக்கைக் கவனித்தார். காலனிகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் வாங்குகின்றன. சுதந்திரம் வாங்கியவன் தளத்தைக் காலி பண்ணச் சொல்கிறான். அதனால் சனத்தொகை குறைந்த, தூரத்துத் தீவுகளை, அவை சுதந்திரம் பெறும் முன்னமே பிரித்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய யோசனை. பல வருசம் கழித்து இதே பார்பர், அந்தச் சனத்தை வெளியேற்றியிருக்கத் தேவையில்லை என்று வருந்திக் கடிதங்கள் எழுதினார். அதற்குள் ஓடுபாதை எப்போதோ போட்டு முடிந்திருந்தது.

டியாகோ கார்சியாவோடு இன்னொரு தீவும் அவர்கள் பட்டியலில் இருந்தது: அல்தாப்ரா. அங்கே இராட்சத ஆமைகள் வாழ்கின்றன. விஞ்ஞானிகள் கிளம்பினார்கள், ரோயல் சொசைட்டி கிளம்பியது, 1967இல் அல்தாப்ராத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆமைகள் தப்பியதில் எங்களுக்குச் சந்தோசம்தான். டியாகோ கார்சியாவில் இருந்த மனிதர்களுக்காகப் பேச அந்த நேரம் லண்டனில் ஒரு சங்கமும் இருக்கவில்லை.

1965 நவம்பர் 8ஆம் திகதி சாகோஸை மொரீசியஸிலிருந்து பிரித்து 'பிரித்தானிய இந்து சமுத்திரப் பிராந்தியம்' என்று ஒரு புதுக் காலனியை உருவாக்கினார்கள். மொரீசியஸுக்கு 30 இலட்சம் பவுண் கொடுத்தார்கள். தீவுகளை விடாவிட்டால் சுதந்திரம் தள்ளிப்போகும் என்ற பயமுறுத்தலும் அந்தப் பேரத்துக்குள் இருந்தது. 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு 50 வருச ஒப்பந்தம். அமெரிக்கா வாடகை கொடுக்கவில்லை. பதிலுக்கு பொலாரிஸ் ஏவுகணை விலையில் 140 இலட்சம் டொலர் கழித்துவிட்டது, அதுவும் இரகசியமாக.

இப்போது பேனா வேலைக்கு வருவோம். ஒரு காலனியில் நிரந்தரச் சனம் இருந்தால், ஐ.நா. சாசனத்தின் 73ஆவது உறுப்புரையின்படி அவர்களுடைய நலனுக்குப் பொறுப்பேற்கவும், அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்கவும் வேண்டும். சனம் இல்லையென்றால் எதுவும் தேவையில்லை. ஆகவே சனம் இல்லை என்று எழுத முடிவெடுத்தார்கள். அங்கே இருப்பவர்கள் மொரீசியஸிலிருந்தும் சீஷெல்சிலிருந்தும் வந்துபோகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள், தற்காலிகமானவர்கள், தீவுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. 1966 ஆகஸ்டில் வெளிநாட்டு அமைச்சின் பெரிய அதிகாரி ஒருவர், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்க மாட்டார்கள் என்று குறிப்பெழுதினார். இன்னொருவர் அதற்குக் கீழே, பறவைகளோடு சில டார்சான்களும் ஃப்ரைடேக்களும் இருப்பது துரதிர்ஷ்டம் என்று பகிடி பண்ணினார். (ஃப்ரைடே என்பது ரொபின்சன் குரூசோ கதையில் வருகிற வேலைக்காரன்.) 1970இல் ஒரு சட்ட ஆலோசகர் எழுதிய குறிப்பில், இந்தப் புனைவைத் தொடர்ந்து காப்பாற்றுவது எப்படி என்பதற்குத் தனியாகத் தலைப்பே போட்டிருந்தார்கள். அதாவது, அது பொய் என்று எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வந்துபோகிறவர்கள். தற்காலிகக் கூலிகள். இந்த நாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. இதை நாங்கள் எங்கே கேட்டிருக்கிறோம்?

1824இல் கம்பளை சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி போட்ட காலத்தை ஒட்டித் தொடங்கி, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்குப் பிறகு இன்னும் பெருந்தொகையாக, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப்பாதையில் நடந்துவந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். 1948ஆம் வருசத்து 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. அதற்குச் சொன்ன நியாயத்தைத் தூசிதட்டிப் பார்த்தால், லண்டன் குறிப்பில் இருந்த அதே சரக்குத்தான்: இவர்கள் வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்தால் போகிறவர்கள். மூன்று தலைமுறையாக வேலை முடியவில்லை என்பது கணக்கில் வரவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு 1974இல் வந்தது, ஆளுக்குப் பாதி. பேச்சுவார்த்தை மேசையில் அந்த 975,000 பேரின் சார்பில் ஒருத்தரும் இல்லை.

சாகோஸும் மலையகமும் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்களை அனுப்பியது படைத்தளம் கட்ட இல்லை. இரண்டு சுதந்திர நாடுகள் பேசிப் பங்குபோட்டன. விண்ணப்பப் படிவமாவது கொடுத்தார்கள். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா நிரப்பிக் கொடுக்க, கைநாட்டு வைத்து, 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலேயே இருக்கத்தான் கேட்டார்கள். கிடைக்க இருந்தது 3 இலட்சம் இடம். சாகோஸில் படிவம்கூட இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்த மந்திரம் ஒன்று. தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு ஊர் கிடையாது, துரைக்கும் கம்பனிக்கும்தான் ஊர் உண்டு என்ற மந்திரம்.

அனுப்பிய விதத்திலும் ஒற்றுமை இருக்கு. 1967இல் பிரித்தானிய அரசு கம்பனியின் நிலத்தை 660,000 பவுணுக்கு வாங்கியது. அதற்குப் பிறகு கப்பல் வருவது குறைந்தது, கடையில் அரிசியும் மாவும் பாலும் குறைந்தன. வைத்தியத்துக்கோ லீவுக்கோ மொரீசியஸுக்குப் போனவர்களுக்குத் திரும்பிவர டிக்கட் இல்லை என்று சொன்னார்கள். பெரோஸ் பான்ஹோஸைச் சேர்ந்த ரீட்டா பான்குல்ட், காலில் காயம்பட்ட மகளுக்கு மருந்து செய்ய 1968இல் மொரீசியஸ் போனார். பிள்ளை செத்துப்போனது. வீட்டுக்குத் திரும்ப டிக்கட் கேட்டுப் போனபோது, உங்கள் தீவை வித்தாச்சு என்றார்கள். எங்கள் பக்கத்தில் 1973, 74 பஞ்சம் இதே வேலையைச் செய்தது. மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த அந்த வருசங்களில், போக மாட்டோம் என்று இருந்த குடும்பங்களும் பெட்டி கட்டின. மலையக ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனம் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. சாகோஸ் சனத்திடமும் அப்படி ஒரு சொல் இருக்கு: 'சக்ரேன்'. ஊரை விட்ட துக்கம் என்று பொருள். மொரீசியஸ் சேரியில் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று கேட்டால் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு டியாகோ கார்சியாவில் இறங்கியது. அடுத்த மாதம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் தீவில் இருப்பது குற்றம் என்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பிறகு நாய்கள். பிராந்திய ஆணையாளர் சேர் புரூஸ் கிரேட்பேட்ச் உத்தரவு போட, கொப்பரா காயவைக்கிற கொட்டகைக்குள் நாய்களை அடைத்து, வாகனப் புகையைக் குழாயில் விட்டுக் கொன்றார்கள். ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். பிள்ளைகள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது சும்மா குரூரம் இல்லை, அறிவித்தல் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அங்கே பிறந்தவர்களில் சிலரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்: போகாவிட்டால் அடுத்தது நாங்கள்.

'நோர்ட்வேர்' என்ற சின்னக் கப்பலில், இருக்கிற இடத்துக்குப் பல மடங்கு ஆட்களை ஏற்றினார்கள். ஆளுக்கொரு பெட்டி. தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம். பெண்களும் பிள்ளைகளும் பறவை எச்ச உர மூட்டைகளின் மேல். 1971 ஒக்டோபரில் டியாகோ கார்சியா காலி, 1972இல் சாலமன், 1973இல் பெரோஸ் பான்ஹோஸ். மொத்தம் 1,500இலிருந்து 2,000 பேர். கடைசியாகப் போர்ட் லூயிஸில் வந்து சேர்ந்தவர்கள், வீடு தராமல் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் இலங்கை மறுபடி வருகிறது. டியாகோ கார்சியா காலியாகி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆன நிலையில், 1971 டிசம்பர் 16ஆம் திகதி, இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்யும் 2832ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. கொண்டுவந்தது சிறிமாவோ அரசாங்கம். வல்லரசுகளின் தளங்களை எதிர்த்த அந்தத் தீர்மானத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை, இன்றைக்கும் அதற்கு அர்த்தம் இருக்கு. ஆனால் அதில் தளம் இருக்கு, கப்பல் இருக்கு, அணு ஆயுதம் இருக்கு, தீவுச் சனம் இல்லை. வெளியுலகத்துக்கு அப்போது தெரியாது என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். அமெரிக்கப் பத்திரிகையில் பெரிதாக வெளிவந்ததே 1975இல். ஆனாலும் எங்களுக்கு உறுத்துகிறது. அதே அரசாங்கத்தின் காலத்தில்தான் தலைமன்னார் துறையிலிருந்து 'ராமானுஜம்' கப்பல் எங்கள் சனத்தை ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரனின் தளத்தைத் துரத்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு, வெள்ளைக்காரன் தோட்டக்காரரைப் பார்த்த பார்வையைத் துரத்தத் தெரியவில்லை. கப்பல் 1984இல் நிற்கும்வரை 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நீலகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கு இன்றைக்கும் 'சிலோன்காரன்' என்றுதான் பேர்.

மொரீசியஸில் இறக்கப்பட்டவர்களுக்காகப் பிரித்தானியா 1972இல் அந்த அரசாங்கத்துக்கு 650,000 பவுண் கொடுத்தது. சனத்தின் கையில் அது வரும்போது 1978 ஆகிவிட்டது, விலைவாசி பாதியைத் தின்றிருந்தது. அதற்குப் பிறகு தெருவில் இறங்கியவர்கள் பெண்கள். சார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத், ரீட்டா பான்குல்ட். உண்ணாவிரதம் இருந்தார்கள், பொலிஸிடம் அடிவாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். 1982இல் இன்னொரு 40 இலட்சம் பவுண் வந்தது. வாங்குவதற்கு ஒரு படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு.

ரீட்டாவின் மகன் ஒலிவியே பான்குல்ட் லண்டனில் வழக்குப் போட்டு 2000 நவம்பரில் வென்றார். வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். 2004 ஜூனில், பாராளுமன்றத்துக்கே போகாமல், அரசியின் பெயரால் ஒரு கட்டளை போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். பிறகு கீழ் நீதிமன்றங்களில் வென்றதை 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று பறித்தது. 2010இல் சாகோஸ் கடலைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். மீன் பிடிக்கத் தடை. திரும்பிவருகிற சனத்துக்கு வாழ வழியில்லாமல் செய்யவும் இது உதவும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் பேசியது விக்கிலீக்ஸில் வெளிவந்தது. ஆமைக்குப் பிறகு பவளப்பாறை. 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே தவறு, நிர்வாகத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள் என்றது. மே மாதம் ஐ.நா.வில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 நாடுகள் எதிர்த்தன.

நீதிமன்றக் கதையைப் படித்துக் களைத்த நேரத்தில் எங்களுக்குள் விவாதம் வந்தது வேறொரு தீவைப் பற்றி. கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. 1992இல் சண்டையில் சனம் வெளியேறி, முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் குடியேறினார்கள். போர் முடிந்தும் கடற்படை அவர்களை ஊருக்குள் விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி தொடங்கிய போராட்டம் ஒரு வருசம் இழுபட்டது. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, யாருடைய கடிதத்துக்கும் காத்திராமல், பெண்களும் ஆண்களும் படகுகளில் ஏறித் தீவில் இறங்கி, இடிந்த கோயிலில் பூசை வைத்து, அங்கேயே தங்கினார்கள். சாகோஸ் சனத்துக்கு இது முடியாத காரியம். இடையில் இருப்பது பாக்கு நீரிணை இல்லை, 2,000 கிலோமீட்டர் கடல். கடற்படை இன்னும் இரணைதீவில் இருக்கு. 2021 மார்ச்சில், கொவிட்டில் இறந்த முஸ்லிம்களை அடக்கம் செய்ய நாடு முழுவதிலும் அரசாங்கத்துக்கு முதலில் கிடைத்த இடமும் இந்தத் தீவுதான். தீவு என்றால் கொழும்புக்கும் காலி இடம் என்றுதான் படும்போல.

2025 மே 22ஆம் திகதி பிரித்தானியாவும் மொரீசியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறைமை மொரீசியஸுக்கு. டியாகோ கார்சியா 99 வருசக் குத்தகையில் பிரித்தானியாவுக்கு, அதாவது தளம் அப்படியே இருக்கும். பெரோஸ் பான்ஹோஸிலும் சாலமனிலும் மொரீசியஸ் சனத்தைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் சனத்துக்குக் கதிரை இருக்கவில்லை. டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் முதல்நாள் இரவு நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். விடியப்புறம் இரண்டரை மணிபோல ஒரு நீதிபதி கையெழுத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். மத்தியானம் தடையை நீக்கினார்கள். பின்னேரம் கையெழுத்து முடிந்தது.